சனிக்கிழமைக்குள் படம் வந்தாக வேண்டும்

சித்தி,

இன்று காலை கேபிளின் தோலைச் சீவும்போது உள்ளே பின்னியிருக்கும் மயிரிழைக் கம்பிகளில் ஒன்று என் பெருவிரலில் ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, தொட்டால் மட்டும் குத்துகிறது. விரலை வாயில் வைத்துக்கொண்டு கரவன் வண்டியின் கூரையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்ட கூரைப் பசையிலிருந்து தார் மணம் எழுந்தது. "என்னடி, மேல போய் நித்திரையோ?" என்று கீழேயிருந்து நீங்கள் கேட்பீர்கள் போல இருந்தது. எட்டிப் பார்த்தேன். அம்மாதான் ஏணியைப் பிடித்தபடி நுளம்பை அடித்துக்கொண்டு நின்றா.

பெரிய பழுது ஒன்றுமில்லை. தொலைக்காட்சி அன்ரெனாக் கேபிள் கூரைக்குள் இறங்கும் இடத்தில் இருக்கும் மூடி குளிரில் வெடித்திருந்தது. ஈரம் பிடித்த முனையை வெட்டிவிட்டுப் புது முனை போட்டு, மூடியை மாற்றிப் பசை பூசினேன். நாம் இருவரும் இதே கேபிளோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியதை நினைத்துச் சிரிப்பு வந்தது.

நீங்கள் இந்தக் கரவனை வாங்கியபோது சொந்தக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்துகொண்டு, டோர்வலில் விமானச் சாப்பாடு பொதி செய்யும் ஒருத்திக்கு இதெல்லாம் தேவையா என்றார்கள். "தனியாளுக்கு என்னத்துக்குச் சில்லு வைச்ச வீடு?" என்று ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரேயே கேட்டார். "நீங்கள் வாற நேரம் இழுத்துக்கொண்டு ஓடத்தான்" என்றீர்கள். அவர் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த வருடம்தான். வகுப்பின் முன்னால் நின்று பேசவேண்டிய நாளென்றால் முதல் நாளே போர்வைக்குள் சுருண்டுவிடுவேன். கடைசியில் வாசல்வரை போவதே முடியாமல் போயிற்று. வீட்டில் எல்லோரும் என்னோடு நோயாளியோடு கதைப்பதுபோல மெதுவாகக் கதைத்தார்கள். நீங்கள் மட்டும் எப்போதும்போலக் கத்தினீர்கள். "பள்ளிக்கூடம் இல்லையெண்டால் வெள்ளிக்கிழமையும் லீவுதானே. வெளிக்கிடு, கரவனுக்குப் போவம்."

கரவன்கள் நிற்கும் அந்தக் கோடை முகாமில், நம் வரிசையில், நீங்கள் ஒருவர்தான் தமிழ். இரண்டு கோடையாக எல்லோருக்கும் 'பொன்ஜூர்' சொல்லிச் சிரித்ததோடு சரி. ஒருவரும் உங்கள் வாசலில் வந்து இருந்ததில்லை. அது உங்களுக்குக் கவலை என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆறு பேருக்குக் காணும் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வருவீர்கள். நாம் இருவரும் அதைத் திங்கட்கிழமை வரை சாப்பிடுவோம்.

பிறகு ஐஸ் ஹொக்கிக் கிண்ணப் போட்டி வந்தது. எங்கள் ஊர் அணி இன்னும் வெளியேறாமல் இருந்தது. பக்கத்துக் கரவன் ஜினெத்தும் அவர் கணவரும் சனிக்கிழமை ஆட்டத்தைப் பட்டணத்தில் உள்ள மதுக்கடையில் போய்ப் பார்ப்பதாகப் பேசிக்கொண்டார்கள். முகாம் இருந்த பள்ளத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அவர்கள் பிரெஞ்சில் பேசுவது என்னவென்று நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, நீங்கள் வெளியே இறங்கிவிட்டீர்கள். "சம்தி! ஹொக்கி! ஷே முவா!" சனிக்கிழமை, ஹொக்கி, என் வீட்டில். கையைச் சுழற்றி வரிசை முழுவதையும் கூப்பிட்டீர்கள். கை தட்டினார்கள். நான் கரவனுக்குள் போய்த் திரையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அன்று இரவு தொலைக்காட்சியைப் போட்டோம். படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. ஆட்டக்காரனின் தலை ஒரு மூலையில், கால் இன்னொரு மூலையில்.

"உது என்னடி, ஆளை வெட்டிப் போட்டிருக்கு?"

"சிக்னல் காணாது சித்தி."

அலமாரிக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த பொத்தானை நான்தான் கண்டுபிடித்தேன். அதை அழுத்தினால் கூரை அன்ரெனாவுக்கு மின்சாரம் போய்ச் சிக்னல் பெருகும், பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அழுத்தியும் படம் உடைந்தே வந்தது. அப்படியென்றால் கேபிள்தான். ஒரு முனையைக் கழற்றினேன். உள்ளே செம்பு பாசி பிடித்ததுபோலப் பச்சையாக இருந்தது.

நீங்கள் கட்டிலில் இருந்தபடி மெதுவாகச் சொன்னீர்கள். "சனிக்கிழமைக்குள்ள படம் வரவேணும் பிள்ளை. இவ்வளவு சனத்தையும் கூப்பிட்டுப்போட்டு… பேந்து நான் இஞ்ச எப்பிடி முகத்தைக் காட்டிறது?" அதற்கு முன் நீங்கள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை புரோசார்டில் சாமான் கடைக்குப் போனோம். ஆளிடம் கேட்கச் சொல்லி என்னைத் தள்ளினீர்கள். "நீ கேள். நான் கேட்டால் அவன் தண்ணிக் குழாயைத் தந்து விடுவான்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைக்காரர் காதைக் கொடுக்க இரண்டு முறை குனிந்தார். ஆனாலும் தடித்த கேபிள், அழுத்திப் பூட்டும் முனைகள், அதற்கான கருவி எல்லாம் கிடைத்தன.

மறுநாள் காலை பழைய கேபிளின் நுனியில் புதியதைச் சேர்த்து ஒட்டு ரேப்பால் சுற்றினோம். உள்ளேயிருந்து நீங்கள் பழையதை இழுக்க, மேலேயிருந்து நான் புதியதை விடவேண்டும்.

"இழுக்கட்டோ?"

"பொறுங்கோ சித்தி!"

"இழுத்திட்டன்!"

ரேப் கழன்று, பழையது உங்கள் கைக்குப் போயிற்று. புதியது சுவருக்குள் எங்கோ நின்றது. ஜினெத்தின் கணவர் கதிரையோடு வந்து கீழே இருந்துகொண்டு ஆலோசனை சொல்லத் தொடங்கினார். அவர் பார்வை படாமலிருக்க நான் கூரையில் குப்புறப் படுத்தேன். அவர் சொன்னதற்கெல்லாம் நீங்கள் 'வீ, வீ' என்றுவிட்டு, "என்னவாமடி இந்த மனுசனுக்கு?" என்று தமிழில் கேட்டீர்கள். அலமாரியின் பின்பலகையைக் கழற்றச் சொல்கிறார் என்றேன். வெங்காயம் வெட்டும் கத்தியால் அதை நெம்பிக் கழற்றி, தோள்வரை கையை விட்டுத் துழாவி, "பிடிச்சிட்டன்!" என்று கத்தினீர்கள். அங்கேதான் ஒரு பழைய பிரிப்பானும் ஒளிந்திருந்தது. யாரும் பாவிக்காத இரண்டு இணைப்புகளுக்கு அது சிக்னலைப் பங்குபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எறிந்தேன்.

பின்னேரம் படம் வந்தது. கண்ணாடிபோல. "அவன்ர தாடி மயிரும் தெரியுதடி!" என்று என் முதுகில் அடித்தீர்கள்.

பிறகு கூட்டித் துடைத்தீர்கள், ரோல்ஸ் பொரித்தீர்கள், சேலை உடுத்தீர்கள். எல்லோரும் கதிரைகளோடு வந்து வாசலை நிறைத்தார்கள். நீங்கள் தொலைக்காட்சியை வாசல் பக்கம் திருப்பி, ரிமோட்டை நீட்டி அழுத்தினீர்கள்.

ஒன்றுமில்லை. சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும்.

உங்கள் கையில் ரிமோட் அப்படியே நின்றது. நான் பூட்டிய முனைகள்தான் கழன்றுவிட்டன என்று நினைத்தேன். அத்தனை பேர் நடுவால் ஏணிக்குப் போகவேண்டுமே என்று முகத்தை உள்பக்கம் திருப்பினேன். திரும்பும்போதுதான் சுவரைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரியவில்லை. பொத்தானை அழுத்தினேன். மைதானம் பளீரென்று வெள்ளையாக விரிந்தது. வெளியே எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்.

"என்னடி நடந்தது?"

உங்கள் காதுக்குள் சொன்னேன். "நீங்கள் லைட்டை நிப்பாட்டிட்டீங்கள் சித்தி."

ஆளில்லாத இடத்தில் எது எரிந்தாலும் உங்கள் கை சும்மா இராது. கூட்டும்போது அதையும் அணைத்திருக்கிறீர்கள். வெளியே ஜினெத் என்ன பிரச்சினை என்று கேட்டார். கேபிள் என்று சொல்லிச் சமாளிக்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் வாசலுக்குப் போய், உங்கள் நெஞ்சைத் தொட்டு, "முவா! முவா! லுமியேர், டிக்!" என்று விரலால் அணைத்துக் காட்டினீர்கள். நான்தான், விளக்கை அணைத்தது நான்தான். முதலில் சிரித்ததும் நீங்கள்தான். பிறகு வாசலே குலுங்கியது. ஜினெத்தின் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் மனைவி குளிர்பெட்டியையே அணைத்தவள் என்று கதையை ஆரம்பித்தார். ரோல்ஸ் ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த நாள் அந்த விளக்கின் மேல் கறுப்பு ரேப் ஒட்டினீர்கள். "கண்ணில படாட்டில் கை போகாது."

தை மாதத்தில் உங்களைக் கடைசிப் பயணத்துக்கு வழியனுப்பினோம். ஜினெத்தும் கணவரும் பனிக்குள் அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தார்கள். கரவனை விற்கலாம் என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, அப்பா பிறகு அந்தக் கதையே எடுக்கவில்லை.

இன்றும் சனிக்கிழமை. இன்றும் ஆட்டம் இருக்கிறது. மத்தியானம் படம் நன்றாக வந்தபிறகு, கூப்பிட வேண்டியது மட்டும் மிச்சமாக இருந்தது. உங்களைப் போல வாசலில் நின்று ஒரே கத்தலில் கூப்பிட எனக்கு வராது. அதனால் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஜினெத்தின் கதவில் நெடுநேரம் நின்றேன். திறந்ததும், இன்று இரவு எங்கள் வீட்டில் ஹொக்கி என்றேன். "எப்போது கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்" என்றார். உள்ளேயிருந்து அவர் கணவர் ரோல்ஸ் உண்டா என்று கத்தினார். அம்மா சுடுகிறா, ஆனால் சித்தி சுட்டதுபோல இராது என்றேன். அப்படியென்றால் முறைப்பாடு செய்வேன் என்றார். நான் சிரித்தேன் சித்தி, அவர்கள் முன்னாலேயே.

வரிசையின் கடைசிக் கதவுவரை போனேன். பயம் கடைசிவரை கூடவே வந்தது. நானும் தட்டிக்கொண்டே போனேன்.

இப்போது வெளியே சரளைக் கல்லில் கதிரைகளை இழுக்கும் சத்தம் கேட்கிறது. அம்மாவுக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. வாசலில் நின்று பதறுகிறா.

"பிள்ளை, ஆக்கள் வந்திட்டினம். நீ கெதியா வந்து கதை."

வாறன் என்று சொல்லியிருக்கிறேன்.