மூன்று வயரும் நாலு லீமாவும்

ஜூலை 9, புதன்

மழை. கிளினிக்கில் பல் பிடுங்க வேண்டியவர்கள் பாதிப் பேர் வரவில்லை. நாலரைக்கே பிரிக்பீல்ட்ஸ் வீடு.

பார்சல் வந்தாச்சு. மோட்டார், ஸ்பீடு கண்ட்ரோலர், சின்னப் பல்சக்கரம். என் ரிமோட் லோரியின் பழைய மோட்டாரைக் கழற்றினேன். ஐந்து வருட உழைப்பு, உள்ளே கரி பிரஷ் இரண்டும் தேய்ந்து மொட்டை. புதியதில் பிரஷ்ஷே கிடையாது. தேய ஒன்றும் இல்லை, வேகமும் இரண்டு மடங்கு என்கிறார்கள்.

ஞாயிறு கிள்ளானில் அத்தானோடு லோரிப் பந்தயம். அக்காள் வீட்டுக்காரர். வாராவாரம் முந்துவார், முந்தியபின் "குப்பை லோரி வந்துருச்சா தேவி?" என்பார். புது மோட்டாரைத் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். கொடுக்கமாட்டேன். அவர் கை பட்டால் நான் ஜெயித்தாலும் அவர் ஜெயித்ததாகிவிடும்.

ஒரே ஒரு தடவை முந்தணும். என் கையால் மாட்டி.

10, வியாழன்

சோல்டரிங். மூன்று வயர். முதல் தடவை உருண்டை உருண்டையாக, அசிங்கம். உருக்கி மறுபடி. மூன்றாவது தடவை பளபள. தினம் அடுத்தவர் வாய்க்குள் கை விடுகிறவள், கை நடுங்குமா?

மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கும் வண்டியின் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு காகிதம் விட்டு இடைவெளி பார்க்கணும். நேற்றைய காலண்டர் தாள். கச்சிதம்.

பாக்கி:
- திருகு 4 (ஒன்று சோபாவுக்கு அடியில். கிடைத்தது)
- பேட்டரி சார்ஜ்
- பல்சக்கர மூடி

சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்து ஒரு தடவை சுற்றிப் பார்க்கச் சொல்கிறது மோட்டாரோடு வந்த விளக்கத் தாள். என் வீட்டுக்காரர் சேகர் விடவில்லை. "பூஜை போடாம யாராவது வண்டிய எடுப்பாங்களா?" ஒன்றரை அடி லோரிக்கு! ஆனால் நாளை வெள்ளி. நானும் சரி என்றேன். எனக்கும் பயம்தான்.

11, வெள்ளி

பூஜை. லோரிக்குச் சந்தனம். மோட்டார் தலையில் குங்குமம். எலுமிச்சை வைத்தால் வண்டியே சாய்ந்துவிடும் என்று கோலிக்குண்டு அளவு எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி நாலு, சக்கரத்துக்கு ஒன்று. எதிரே சேகர், கற்பூரத் தட்டோடு. நான் விசையை அமுக்கினேன்.

லோரி பின்னால் பாய்ந்தது. என் கால் கட்டைவிரல் மேல் ஏறி, சுவரில் முட்டி, மல்லாக்க. சிதறிய பழத்தின் தோலும் விதையும் பல்சக்கரத்துக்குள். மூடி மாட்ட மறந்திருந்தேன். கரகர. பெரிய பல்சக்கரத்தில் மூன்று பல் காலி. பல் கிளினிக்காரி வீட்டில்!

சேகர் தட்டை அசைக்கவே இல்லை. "திருஷ்டி வீட்டுக்குள்ளயே கழிஞ்சிருச்சு, விடு." சிரித்துச் சிரித்து வயிறு வலி. பிறகு கொஞ்சம் அழுகையும். ஞாயிறு போச்சே.

12, சனி

வெயில். செலாயாங் ரிமோட் வண்டிக் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீன அங்கிள் உடைந்த சக்கரத்தை முகர்ந்து பார்த்தார். லீமாவ் வாசம். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை, வாசலில் நின்ற தன் கார் கண்ணாடியில் தொங்கும் சிவப்புத் தாயத்தைக் காட்டினார். சக்கரம் அந்த அளவில் ஒன்றே ஒன்று இருந்தது. பின்னால் ஓடியதற்கு மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதுமாம். அவ்வளவுதானா? அசடு நான்.

வீட்டில் புதுப் பல்சக்கரம் மாட்டி, இரண்டு வயரை இடம் மாற்றி, உடனே மூடி. லோரியைப் பால் டின் மேல் ஏற்றி விசை தொட்டேன். முன்னோக்கிச் சுற்றியது. விசில் மாதிரி ஒரு சத்தம். மறுபடி மறுபடி அமுக்கினேன். சேகர் சட்னியே அரைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

13, ஞாயிறு

கிள்ளான் திடல். அத்தான் குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தார். மூன்று சுற்று.

முதல் சுற்றில் வளைவில் கவிழ்ந்தேன், அவ்வளவு வேகம். சேகர் ஓடிப்போய் நிமிர்த்தினார், செருப்பு ஒன்று வழியில். அத்தான் ரொம்ப முன்னால். இரண்டாவதில் வளைவுக்குப் பாதி விசை, நேரில் முழு விசை. பாதி தூரம் பிடித்தேன். மூன்றாவதில், கடைசி நேர்ப்பாதையில், முழுக்க அமுக்கினேன்.

முந்திவிட்டேன். ஒரு முழம்தான். முந்திவிட்டேன்.

அத்தான் என் லோரியைத் திருப்பி ஒவ்வொரு சோல்டராகப் பார்த்தார். பிறகு சேகரைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க சகலை. எனக்குக் கற்பூரம் மட்டும்தான்."

மதியம் அக்காள் போன். அத்தான் சாப்பிட வராமல் தன் லோரியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம், என்ன நடந்தது என்று கேட்டாள். அவரை முந்திட்டேன்க்கா என்றேன்.

"இரு, ஸ்பீக்கர்ல போடறேன். இன்னொரு தடவ சொல்லு."