என் எலும்பும் அவர் ரத்தமும்

அக்டோபர் 3

எலும்பு டாக்டர் சொன்னார்: "தினமும் நட்டோ சாப்பிடுங்கம்மா. வைட்டமின் கே நிறைய இருக்கு. எலும்பு கெட்டிப்படும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் கணவர் கெய்சோவின் இதயத்தில் செயற்கை வால்வு வைத்த அன்றே, நட்டோ என்னும் இந்தப் புளித்த சோயாவை அவர் தொடக் கூடாதென்று தடை. அதே வைட்டமின்தான் ரத்தத்தை உறைய வைக்குமாம். உறையாமலிருக்க அவர் தினமும் வார்ஃபரின் மாத்திரை விழுங்குகிறார். நட்டோவுக்குப் பேர்போன மித்தோ ஊரில் பிறந்து, பல் முளைத்ததிலிருந்து அதைத் தின்ற அவருக்கு அது ஆகாது. அந்த வாடைக்கே மூக்கைப் பொத்தும் ஒசாகாக்காரி எனக்கு அது மருந்து. யாரிடம் போய்ச் சொல்ல?

அக்டோபர் 4

முதல் டப்பா. கிண்டினால் நூல் நூலாக இழுக்கிறது. பக்கத்தில் நின்று அவருடைய அதிகாரம் வேறு.

"இன்னும் கிண்டு. வெள்ளையா நுரைக்கணும். ஒசாகாக்காரிக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

வாயில் கேலி, கண்ணில் ஏக்கம். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 19

பாதிக்கு மேல் இறங்கவில்லை. "வை, நான் கொட்டிடறேன்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனுஷன்.

அக்டோபர் 27

இன்றும் பாதிதான். இன்றும் அவரே கொட்டினார்.

நவம்பர் 8

அவருக்கு ரத்தப் பரிசோதனை. மருந்து சரியாகப் பிடிக்கவில்லையாம், ரத்தம் கெட்டிப்படுகிறதாம்.

"நட்டோ சாப்பிட்டீங்களா?"

"தொடவே இல்லை டாக்டர்."

"அதுக்கு நான் சாட்சி" என்று நான் வேறு முந்திக்கொண்டு சொன்னேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

நவம்பர் 12

சாட்சியாம் சாட்சி!

சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்று, என் மிச்ச நட்டோவை வழித்துத் தின்றுகொண்டிருந்தார். என்னையறியாமல் கத்திவிட்டேன். "சாகணும்னு ஆசையா உங்களுக்கு? எத்தனை நாளா நடக்குது இது?"

"நீ மிச்சம் வெச்ச அன்னைலேர்ந்து. சாப்பாட்டை எப்படிடி குப்பையில போடறது? கொஞ்சந்தானேன்னு..."

நாளைக் காலை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன். மிச்சம் வெச்சது யாரு? நான்தானே?

நவம்பர் 13

விடிந்ததும் அவருக்குப் பேச்சு குழறியது. வாய் கோணியது. ஆம்புலன்ஸ் — வால்விலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி மூளையை அடைத்திருக்கிறது.

நவம்பர் 16

என்னைப் பார்க்கிறார். பேச்சில்லை.

பிப்ரவரி 6

வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை எழும்பவில்லை. வார்த்தை ஒவ்வொன்றாக வருகிறது. இனி இந்த வீட்டுக்குள் நட்டோ நுழையாது என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"நீ விழுந்து... எலும்பு உடைஞ்சா... என்னை யாரு தூக்குவா? வாங்கிட்டு வா. என் எதிர்ல சாப்பிடு."

பிப்ரவரி 8

எதிரே உட்கார்ந்தார். நான் கடைசிப் பருப்பு வரை தின்றேன். குமட்டியது, விழுங்கினேன். காலி டப்பாவை அவர் பக்கம் சாய்த்துக் காட்டினேன். குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்தார். பிறகு இடது உள்ளங்கையை நீட்டினார்.

"இப்ப... என்னுது."

அவருடைய மாத்திரையை எடுத்து அதில் வைத்தேன்.