நாலு வயசை ஐந்தாக்கிய தேதி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், என் முழங்காலை விட்டுவிட்டுச் சொன்னால். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நீ கேட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது, இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, இதைச் சரிசெய்யாவிட்டால் அந்த நாட்டில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள், வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பத்தான் வேண்டும் என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வாரமாக நகராட்சி, வக்கீல், முத்திரை குத்துகிற ஆபீஸ் என்று அலைந்து கால் வீங்கியதுதான் மிச்சம். அதிகாரி இருந்தால் கம்ப்யூட்டர் வேலை செய்யாது, கம்ப்யூட்டர் வேலை செய்தால் அதிகாரி இருக்கமாட்டார். அப்பாவும் கூட வந்தார். என்ன உதவி என்று கேட்காதே, ஒவ்வொரு வரிசையிலும் முன்னால் நின்றவரிடம் உன் கதையைச் சொல்லி ஒரு பாட்டம் அழுதார்.

தப்பு என்னுடையதுதான், இதுவரை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அப்போது எனக்குத் தையல் கம்பெனியில் காலை ஷிப்ட், அப்பா லாரியோடு வெளியூர், உன்னை வைத்துக்கொள்ள ஆளில்லை. உனக்கு நாலு வயசு. ஐந்து முடியாமல் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது என்றார் தலைமை ஆசிரியை. சான்றிதழ் தொலைந்துபோச்சு என்று சொல்லி, கூசாமல் ஒரு வருஷம் முந்திய தேதியைக் கொடுத்தேன். பிள்ளை ரொம்பச் சின்னதா இருக்கே என்றார், எங்க வீட்டுல எல்லாருமே குள்ளம்தான் என்றேன். பிறகு ஆறடி அப்பாவைப் பார்த்து அந்த அம்மா என்ன நினைத்தாரோ. அந்தத் தேதிதான் பாஸ்போர்ட் வரைக்கும் போய்விட்டது.

வக்கீல், கவனக்குறைவால வந்த பிழைன்னு போட்டுடலாம்மா, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க என்றார். எனக்கு மனசு வரவில்லை. உண்மையை எழுதினால் செல்லுமா என்று கேட்டேன், செல்லும் என்றார். வேலைக்குப் போகவேண்டி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், தெரிந்தே மாற்றிச் சொன்னேன் என்று எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் விட்ட முதல் நாள் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாய், நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். கையெழுத்துப் போடும்போது அதுதான் கண்முன்னால் நின்றது. உன்னோடு இருந்திருக்க வேண்டிய ஒரு வருஷத்தை நானே தள்ளிவிட்டேன், இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதே, காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள். விண்ணப்பம் கொடுத்த ரசீதைப் பையிலேயே வை, புது அட்டை வரும்வரை யார் கேட்டாலும் காட்ட அதுதான் இருக்கிறது. வீடு மாறியதைப் பதிவு செய்தாயா, வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கினாயா, எதற்கும் நீ பதில் சொல்லவில்லை. வரிசையில் நிற்கப் போகும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு நின்றால் உனக்குத் தலை சுற்றும்.

எல்லாம் நல்லபடியாக முடியும், நீ நன்றாக இருப்பாய், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. முடிவு தெரிந்ததும் முதல் போன் எனக்கு. ஒருவேளை அட்டை கிடைக்காமல் போனால் அவமானம் என்று நினைத்து அங்கேயே கிடந்து அழாதே, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. இப்போது உன்னை வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா