ஒரு கைக்கான இறக்கை

நெப்ராஸ்கா,
மார்ச் கடைசி ஞாயிறு

அன்புள்ள மெர்வினுக்கு,

ஆர்லன் எழுதுவது. எழுதுவது என்றால், நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மார்லிஸ் எழுதுகிறாள். அரிசோனா வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா? இங்கே பனி உருகிவிட்டது. நாம் ரிமோட் விமானம் விடும் திடலுக்குப் போகும் பாதை இன்னும் சேறுதான். போன வாரம் கிளப்பில் சில்லிக் குழம்பும் சின்னமன் ரோலும் போட்டார்கள். உன் பங்கையும் நானே தின்றுவிட்டேன்.

போனில் கூப்பிட்டால் நீ வருவதில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தை இழுக்கிறது என்று கூச்சப்படுகிறாயாம். உன் மகள் ஜோலீன் சொன்னாள். ‘இடது கை போயிடுச்சு, இனிமே என்ன பறக்கறது, அந்த மஞ்சள் விமானத்தை யாருக்காவது குடுத்துடச் சொல்லு’ என்று நீ சொன்னதாகவும் சொன்னாள். நான் கொடுக்கவில்லை. ஆனால் வேறொன்று செய்துவிட்டேன், உட்கார்ந்துகொண்டு கேள். உன் இறக்கையை அறுத்துவிட்டேன்.

திட்டாதே. நீ அதைக் கட்டிய வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆலங்கட்டி மழையில் ஊர்ச் சோளமெல்லாம் படுத்துக் கிடந்தது. உன் கராஜ் கூரை தடதடவென்று அதிர, நீ விலா எலும்பு மாதிரி பால்சா மரக் குச்சிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாய். பசை காயும்வரை ‘மூச்சை அந்தப் பக்கம் விடுய்யா’ என்று என்னை விரட்டினாய். மேலே ஒட்டிய மஞ்சள் தாளைக் கீறியபோது உள்ளே பசை ஒழுகி உறைந்திருந்த இடங்களைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன். நம் விமானம் வால் சுக்கானால் மட்டுமே திரும்புவது. சுக்கான் ரிமோட்டின் இடது குச்சியில். உன் இடது கை வராது. சுக்கானை வலது குச்சிக்கு மாற்றினால் போதாதா என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். காற்றில்லாத ஊரில் போதும். இங்கே காற்று இறக்கையைத் தூக்கினால் சுக்கான் யோசித்து யோசித்துத்தான் நிமிர்த்தும். அதனால் இறக்கையின் பின்னோரத்தை இரண்டு பக்கமும் நீளமாக அறுத்து, கீல் வைத்து, மடலாக்கினேன். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். மடலுக்கு ஒன்றாகக் குட்டி மோட்டார் வைத்தாயிற்று. இறக்கை நடுவில் மேல்நோக்கி இருந்த வளைவையும் பாதியாகக் குறைத்தேன். சாய்வதும் நிமிர்வதும் ஏறுவதும் இறங்குவதும் இப்போது வலது குச்சி ஒன்றிலேயே. வேகத்தை வலது பக்கத்துச் சின்ன சுவிட்சுக்கு மாற்றியாயிற்று. ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டால் உன் இடது கை சட்டைப் பையிலேயே தூங்கலாம்.

ரிமோட்டின் திரையில் வருவதை எப்போதும் நீதான் வாசிப்பாய். எனக்கு எழுத்து வராது. இந்தத் தடவை, இரண்டு மடலையும் ஒரே குச்சியில் சேர்க்கிற இடத்தை மார்லிஸ் வாசித்தாள். ‘கலவைன்னு போட்டிருக்கு ஆர்லன், கேக்கா பண்ணப் போறீங்க?’ என்று கேட்டாள். இந்த வரியை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இனிமேல்தான் விஷயம். போன சனிக்கிழமை திடலுக்கு எடுத்துப் போனேன். காலை வேளை, வேறு யாரும் இல்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவன் குச்சியை வலது பக்கம் தள்ளுவான், இன்னொருவன் வாலுக்குப் பின்னால் நின்று ‘வலது ஏறுது, இடது இறங்குது’ என்று கத்துவான். அது கேட்காமல் விமானம் கையை விட்டுக் கிளம்பாது. எனக்கு எத்தனையோ வருஷமாகக் கத்தினவன் நீ. அன்றைக்கு நீ இல்லை. விமானம் மேசைமேல் மூக்கை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்று குச்சியை வலது பக்கம் தள்ளினேன். என் வலது பக்கத்து மடல் ஏறியது. சரி என்று விமானத்தை மேலே எறிந்துவிட்டேன்.

மூக்குப் பக்கம் நிற்பவனின் வலது, விமானத்துக்கு இடது. நேற்றுச் சேர்ந்த ஆள்கூடச் செய்யாத தப்பு, மெர்வ்.

மேலே போனதும் அது இடது பக்கம் சாய்ந்தது. நான் வலது பக்கம் தள்ளினேன். இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். மஞ்சள் வயிறு முழுக்க எனக்குத் தெரிந்தது. குச்சியை விட்டுவிட்டு இடது கையால் சுக்கான் குச்சியைப் பிடித்து எப்படியோ நிமிர்த்தினேன். சோளத்தட்டைக் காட்டில் இறங்கியது. இறக்கை நுனி மட்டும் நொறுங்கிவிட்டது. அதை ஒட்டிவிட்டேன், மடல்களின் திசையையும் மாற்றிவிட்டேன். மஞ்சள் தாள் அதே நிறத்தில் கிடைக்கவில்லை. நுனி கொஞ்சம் வெளிறித் தெரியும்.

வீட்டுக்கு வந்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைக் காப்பாற்றியது இடது கை. உன் கையில் அந்த ரிமோட் இருந்திருந்தால் விமானம் மண்ணுக்குள் போயிருக்கும், நீயும் அப்புறம் ரிமோட்டைத் தொட்டிருக்க மாட்டாய். ஒரு கைக்காகச் செய்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் நிற்க ஆள் இல்லாவிட்டால் அது யார் கைக்கும் ஆகாது.

தான் பின்னால் நிற்பதாக மார்லிஸ் சொன்னாள். நல்ல மனசு. வேண்டாம் என்றேன். ‘அவர் வரலைன்னா அதைச் சுவத்துல மாட்டிவைக்கப் போறீங்களா?’ என்று கேட்டாள். மாட்டுவதற்கு நான் இன்னும் ஆணி எதுவும் அடிக்கவில்லை.

மே மாதம் சோள விதைப்பு முடிந்ததும் திடலில் புல் வெட்டுவார்கள். ஜோலீனிடம் கேட்டேன், கூட்டி வருகிறேன் என்கிறாள், நீ சரி என்றால். மாடி ஏற வேண்டாம், கீழ் அறையைக் காலி செய்துவிட்டேன். உன் பேச்சு இழுத்தால் இழுக்கட்டும். குச்சியைத் தள்ளுகிறவன் பேச வேண்டியதில்லை. கத்துவது என் வேலை. வாலுக்குப் பின்னால் நான் நிற்பேன். வலது ஏறுகிறதா, இடது இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்வேன். நீ தலையை ஆட்டினால் எறிவேன். ஆட்டும்வரை கையில் பிடித்துக்கொண்டே நிற்பேன், எவ்வளவு நேரமானாலும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வலது கையை மட்டுமாவது தினமும் அசைத்துக்கொண்டிரு.

என்றும் உன்,
ஆர்லன்