வேறு தேதி வேண்டாம் என்றேன்

சற்றுமுன் சுங்குவார்சத்திரம் ஜெராக்ஸ் கடையில் நீதிமன்ற உத்தரவை நகல் எடுத்தேன். சூடாக வந்த தாளின் வாசனை பட்டதுமே உன் நினைவு வந்துவிட்டது. கேட்டாயா பிள்ள, என் மகள் இனி என்னோடுதான் இருப்பாள்! நாளைக் காலை வருகிறாள். கடை வாசலிலேயே உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூடத்தில் இடம் உண்டென்று கொடுத்த கடிதம் என எல்லாவற்றையும் நாம் இருவரும் நகல் எடுத்தது இந்தக் கடையில்தானே. பிரிந்தபோது என் வீட்டுக்காரர் மகளை ஒரகடத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஞாயிறு மட்டும் என்னிடம் அனுப்புவார். வழக்குப் போட்டால், வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒருமுறை நீதிபதி விடுப்பு. ஒருமுறை எனக்கே லீவு கிடைக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு தேதிக்கும் ஃபேக்டரியில் உன் ஷிஃப்டை எனக்கு மாற்றிக் கொடுத்தாய். "நீ கோர்ட்டுக்குப் போ. லைன்ல நான் நின்னுக்கறேன்."

கம்பெனி பஸ்ஸில் நீயே எதிர்த்தரப்பு வக்கீலாக மாறினாய்.

"இன்னாம்மா, ஷிஃப்டுக்குப் போற பொம்பள, கொயந்தய எப்டி வளப்ப?"

முதல் நாள் அழுதுவிட்டேன்.

"அழுதுகினு இருந்தா ஜட்ஜுக்கு இன்னா புரியும்? பதில சொல்லு."

வல்லம் வடகால் தாண்டுவதற்குள் மூன்று முறை கேட்டாய். முன் சீட்டுக்காரி மிரண்டுபோய், "இன்னா சண்டை?" என்று திரும்பினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் தரப்புச் சாட்சியும் நீதான். ஞாயிறுதோறும் என் மகளைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனவள் நீதானே. விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது காய்ச்சலில் படுத்தாய். நாலாம் நாள் நீ இல்லை.

"சாட்சி இறந்துட்டாங்கன்னு சொல்லி வேற தேதி கேக்கட்டுமா?" என்றார் வக்கீலம்மா.

இன்னும் தள்ளிப்போனால் இந்தப் பள்ளி ஆண்டும் போய்விடும். "வேண்டாம் மேடம். நானே பேசுதேன்."

கூண்டில் ஏறினேன். எதிர் வக்கீல் நீ கேட்ட கேள்வியையே கேட்டார் பிள்ள! "பகல் ஷிஃப்ட் எழுதி வாங்கியிருக்கேன். எங்கம்மா ஊர்லருந்து வந்து எங்கூட இருக்காவ. பள்ளிக்கூடம் அடுத்த தெரு" என்றேன், குரல் உடையாமல்.

பிறகு, நீ ஒருநாளும் கேட்காத கேள்வி. "குழந்தைக்கு அப்பா மேல பாசம் கிடையாதா?"

"நெறைய உண்டு சார். ஞாயித்துக்கிழமை அவரு வந்து கூட்டிட்டுப் போகட்டும். நான் தடுக்க மாட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஞாயிறு அப்பாவோடு என்று உத்தரவிலும் எழுதியிருக்கிறார்.

புதுப் பாய் வாங்கிவிட்டேன். அவளுக்குப் பிடித்த சேமியா பாயசத்துக்குப் பால் சொல்லியாயிற்று. ஆனால் வந்ததும், "சித்தி எங்கம்மா?" என்றுதான் கேட்பாள். ஊருக்குப் போயிருக்கிறாய் என்று இத்தனை ஞாயிறும் சமாளித்துவிட்டேன். நாளை உண்மையைச் சொல்லப் போகிறேன். அழுதுகொண்டேதான் சொல்வேன். ஆனாலும் சொல்லிவிடுவேன், பிள்ள.