முற்றத்து வெள்ளைக் கல்

ஜபேலிக் தீவு,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

என் கண்ணே மோஜினா,

ஆண்டவர் கிருபையில் நானும் உன் தம்பி ஜெல்டனும் சுகமாயிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அந்த ஆர்கன்சா குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்பதுதான் எனக்கு எந்நேரமும் யோசனை. கோழி ஆலையில் ராத்திரி வேலையை விட்டுவிட்டாயா? விட்டிருக்கமாட்டாய், தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்தாய், தாத்தாவின் விடைத்த காதும் கூடவே வந்துவிட்டது என்று படத்தைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. ஜெல்டன் படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி மாட்டத் தெரியாமல் முழிக்கிறான். ஈரப்பலா கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தீவில் அந்தக் காலத்து அணுகுண்டுச் சோதனையின் விஷம் மிச்சம் இருக்கிறதா என்று அளக்க வந்தவர்கள், இங்கே பயமில்லை, குடியிருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். ரேடியோவில் அதைக் கேட்டு நீ பேரனின் கெமெமை, அதுதான் முதல் வருஷ விருந்தை, நம் மண்ணிலேயே வைக்கப்போகிறாய் என்று பக்கத்து வீட்டு நெரிக் வந்து சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நிலம் அம்மா வழியில் இறங்குவது நம் வழக்கம், அவன் முதலில் கால் ஊன்றவேண்டியது இங்கேதான். ஆனால் நடந்ததைக் கேள். அவர்கள் படகு வருகிறது என்றதும் பெண்களெல்லாம் விருந்தாளிக்குச் செய்வதைத்தான் செய்தோம். முற்றத்தைப் பெருக்கி, கரையிலிருந்து வெள்ளைப் பவளக் கல்லைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து வீடு, கோயில் எல்லாவற்றையும் சுற்றிப் புதிதாகப் பரப்பினோம். நெரிக் வீட்டைவிட நம் வீடு வெளுப்பாகத் தெரியவேண்டுமென்று நான் இன்னும் கொஞ்சம் கொட்டினேன், என் புத்தி உனக்குத் தெரியாதா. அவர்கள் அந்தக் கல்லின்மேல் கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எப்போதாவது ஒரு தரம் டிக் என்றது, அவ்வளவுதான். தென்னை நண்டு வேகவைத்துப் போட்டோம், ஒருவரும் தொடவில்லை, டப்பா மீனைத் திறந்து தின்றார்கள். அப்போதே எனக்கு என்னவோ உறுத்தியது. கிளம்புகிற நேரத்தில் அவர்களில் ஒருவர் சமையல்கட்டுக்குப் பின்னால் கை கழுவப் போனார். அங்கே பன்றி கிளறிப் போட்ட வெறும் மண். தோளில் தொங்கிய கருவி படபடவென்று அடிக்கத் தொடங்கியது, காய்ந்த சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி. மனிதர் முற்றத்துக்கு வந்து குனிந்து ஒரு கை கல்லை அள்ளினார். "இத எப்பம்மா போட்டீங்க?" என்று மொழிபெயர்ப்பவர் மூலமாகக் கேட்டார். "நேத்துதான், உங்களுக்காகத்தான்" என்றேன் பெருமையாக. அவர் முகம் செத்துப்போயிற்று. தங்கள் குழுத் தலைவரிடம் போய் ஏதோ சொன்னார், அந்தத் தலைவர் கடலைக் காட்டினார், நீர் வற்றுவதற்குள் போகவேண்டும் என்று படகில் ஏறிவிட்டார்கள்.

அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகமாட்டேனென்கிறது. கூரையில் தூறல் விழுந்தாலும் அதுதான் கேட்கிறது. உன் அப்பா சின்ன வயதில் வானத்திலிருந்து விழுந்த வெள்ளைத் தூளை மாவென்று நினைத்து உடம்பெல்லாம் பூசி விளையாடினாரே, அன்றைக்கும் அளந்தவர்கள் பயமில்லை என்றுதான் சொன்னார்களாம். கழுத்துக் கட்டிக்கு டாக்டர் கத்தி வைத்த தழும்போடுதான் அவரைப் புதைத்தோம். அவர்கள் போனபின் வெயில் ஏறி முற்றத்துக் கல் வெளுக்கும்போதெல்லாம் ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்து தூளை அள்ளியது. முதுகு மட்டும் தெரிந்தது, அந்தக் காதும். உன் அப்பாவா உன் பிள்ளையா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குப் பைத்தியம் என்று நினைக்காதே, எனக்கு நிஜமாகவே பயமாயிருக்கிறது. மறுபடி அளக்கச் சொல்லி நம் ஊர்த்தலைவர் ஹெர்டன் எழுதிப் போட்டார். குண்டு போட்ட அரசாங்கம், நாங்கள் அளந்து கொடுத்தாயிற்று, இனி உங்கள் அரசாங்கத்தின் பொறுப்பு என்றது. நம் அரசாங்கமோ, குண்டு எங்களுடையதா, கருவிதான் எங்களிடம் இருக்கிறதா என்று கையை விரித்தது. ஹெர்டன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "குப்பையப் போட்டவன்தான் கூட்டணும். சுத்தமாச்சான்னு பாக்கிறதும் அவன் வேலதான்" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள், படகு மட்டும் வரவில்லை.

அதனால் குப்பைவாரியை எடுத்து, மண்ணின் விஷத்தைக் கருவிக்குத் தெரியாமல் மூடிய நம் முற்றத்துக் கல்லையெல்லாம் வாரிக் கடலிலேயே கொட்டினேன். துக்க வீடு மாதிரி இருக்கிறது, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நெரிக் ஏசினாள். மறுநாள் அவளும் வாரினாள். இப்போது தீவில் ஒரு வீட்டு வாசலிலும் வெள்ளை கிடையாது. அவர்கள் வந்து இந்த வெறும் மண்ணின்மேல் பிடித்துப் பார்க்கட்டும் என்று காத்திருக்கிறோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது, தின்னட்டும். நீ பயணச்சீட்டு வாங்காதே மோஜினா. விருந்தை அங்கேயே வை, ஈரப்பலா இல்லாவிட்டால் என்ன, கோழிக்கா உங்களுக்குப் பஞ்சம். பிள்ளையின் தலையில் தேங்காய் எண்ணெய் வை, மாப்பிள்ளையிடம் வெடுக்கென்று பேசாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்திருக்க ஆண்டவரிடம் தினமும் மண்டியிடுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. ஜெல்டன் அவ்வப்போது வீட்டைப் படம் எடுத்து அனுப்புவான். வெறும் மண்ணை அளந்து பயமில்லை என்றால்தான் மறுபடி கல் பரப்புவேன். முற்றத்தில் வெள்ளைக் கல் இருந்தால் யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. வெறும் மண்ணாக இருந்தால் வராதே. அதற்குள் நான் போய்விட்டால் என் கல்லறைக்குக் கல் பரப்பவும் நீ வரவேண்டாம், உன் தம்பி பரப்பிக்கொள்வான்.

உன்னைச் சுமந்தவள்,
அம்மா லிதார்