தொட்டில் துணியில் மூடாத இலை

புகாரா,
நவ்ரூஸ் புத்தாண்டு முடிந்த வாரம்

அன்பு மகள் நிகினாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அல்லாஹ்வின் கருணையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே கொரியாவில் நீயும் மாப்பிள்ளை ஃபர்ரூஹும், ஏழாம் மாதத்திலேயே உன்னை உதைத்துத் தூங்கவிடாத அந்த வாண்டும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முற்றத்து வாதுமை மரம் பூத்துவிட்டது, பனி மட்டும் திரும்பி வராமல் இருந்தால் இந்த வருடம் காய்க்கும்.

நான் அஞ்சல் வழியில் மெஷின் எம்பிராய்டரி படிப்பதை அம்மா போனில் சிரித்துச் சிரித்து உன்னிடம் சொல்லியிருப்பாள். சிரிக்கட்டும். இத்தனை வருடம் பஸ் ஓட்டியவனுக்குப் பெடலை மிதிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்தேன். முதல் நாளே வேகமாக மிதித்து ஊசியை ஒடித்தேன், அது வேறு கதை. பாடம் சொல்லித்தரும் லரீசா டீச்சர் ரஷ்யாவில் பெர்ம் நகரத்தில் இருக்கிறார். வீடியோவில் பாடம் வரும், நான் வளையத்தில் துணியை இறுக்கி, துணியை இழுக்கும் மெஷினின் பல்லைக் கீழே இறக்கிவிட்டு, கையாலேயே துணியை நகர்த்தித் தைத்து, படம் பிடித்து அனுப்புவேன். டீக்கடையில் என் கூட்டாளி சோபிர், "என்னய்யா இக்ராம், அடுத்த மாசம் உனக்குக் கல்யாணமா, சீர் தைக்கிறியாமே" என்று ஊரைக் கூட்டினான். "அந்தக் காலத்துல ஊரை ஆண்ட அமீருக்குத் தங்க நூல்ல அங்கி தைச்சவனெல்லாம் மீசை வச்சவன்டா, போய்க் கேட்டுப் பாரு" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டு பிலாவ் சோற்றைத் தின்றான். சொன்னால் நம்ப மாட்டாய், எனக்குக் கை நன்றாகவே வருகிறது. மாதுளையின் உள்சிவப்பை வெளிச்சிவப்போடு கலந்து தைப்பதில் டீச்சரே அசந்து போனார்.

கடைசிப் பரீட்சைக்கு வீட்டுக்குப் பயன்படும் ஒரு துணி தைத்து அனுப்பச் சொன்னார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தொட்டில் கொண்டு வருவது பெண் வீட்டார் கடமை, தொட்டிலை விமானத்தில் ஏற்ற முடியாவிட்டாலும் அதன் மேல் போர்த்தும் துணியாவது தாத்தா கையால் போகட்டும் என்று அதையே தைத்தேன். நான்கு மாதுளை, சுற்றிலும் வாதுமை இலை. படம் அனுப்பிய மறுநாளே பதில் வந்தது: தையல் சுத்தம், நூல் இழுவை சரி, ஆனால் இடது மூலையில் ஓர் இலை நிரப்பாமல் வெறும் கோடாக நிற்கிறது, முடிக்காத வேலைக்கு மதிப்பெண் இல்லை, முடித்து அனுப்பவும். அப்போதுதான் பார்த்தேன். நம் வீட்டுத் துணி எதிலும் ஏதாவது ஒரு இலையையோ பூவையோ மூடாமல்தானே விடுவோம், குடும்பத்தின் சந்தோஷம் அங்கேயே முடிந்துவிடக் கூடாது என்று. யோசிக்காமல் என் கையும் அதையே செய்திருக்கிறது. பெர்மில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? சரி, ஓர் இலைதானே என்று பச்சை நூலைக் கோத்து உட்கார்ந்தேன்.

அதுவரை என் படிப்பைக் கேலி செய்துகொண்டிருந்த உன் அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து மெஷினின் வயரைப் பிடுங்கினாள். "நிகினா அப்பா, உங்க சர்டிபிகேட்டைத் தூக்கி அடுப்புல போடுங்க. அந்த இலையைத் தொட்டீங்க, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, "போன தடவை நிகினா முழுகாம இருந்தப்ப நான் தொட்டில் துணி தைச்சேனே, அதுல கடைசி இலையையும் மூடிட்டேங்க. பார்க்க நிறைவா இருக்கட்டுமேன்னு மூடினேன். அடுத்த வாரமே புள்ளை அழுதுகிட்டே போன் பண்ணினா, எல்லாம் போச்சும்மான்னு" என்றாள். இரண்டு வருடமாக அவள் ஏன் ஊசியையே தொடவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது மகளே. கண் சரியில்லை என்று சொல்வாள், நானும் நம்பி ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், முட்டாள். டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். இலைக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கோபமாகவும் கேட்டுப் பார்த்தேன். தலையாட்டினாள், ஆனால் ஒரு வார்த்தையும் அவளுக்குள் இறங்கவில்லை.

வளையத்தைக் கழற்றிவிட்டேன். டீச்சருக்கு, அந்தத் துணி இப்படித்தான் இருக்கும், வேறு அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டு, சோபிரின் டீப்பானைக்கு ஓர் உறை தைத்தேன், ஒரு நூல் இடம் மிச்சமில்லாமல் நிரப்பி. மதிப்பெண் இன்னும் வரவில்லை, வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொட்டில் துணியை மாப்பிள்ளையின் சித்தி மகன் வியாழக்கிழமை விமானத்தில் கொண்டு வருகிறான். கனமான பையைத் தூக்காதே, அவனையே வீடு வரை வரச் சொல். துணியைப் பிரித்ததும் கீழ் ஓரத்தைப் பார். அது மெஷின் தையல் இல்லை. நேற்று நான் சந்தைக்குப் போயிருந்தபோது உன் அம்மா கையால் போட்டது, கொஞ்சம் கோணல்தான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி மடித்து வைத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பச்சைத் தண்ணீர் குடிக்காதே. அல்லாஹ் உனக்குச் சுகப்பிரசவம் தரட்டும், உன் வாசல் நிறையட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. துணி கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, அன்றைக்கு நடந்தது உன்னால் இல்லையம்மா என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் புருஷன் சமாதானம் சொல்கிறான் என்று நினைக்கிறாள். நீ சொன்னால்தான் நம்புவாள்.

உன் அப்பா,
இக்ராம்